பிகேயூ பிள்ளைக்குப் பருப்பை நிறுத்தினால் மட்டும் போதாது

பிள்ளைக்கு ஃபீனைல்கீட்டோனூரியா, சுருக்கமாக பிகேயூ, என்று டாக்டர் சொன்னதும் கோழி, மீன், முட்டை, பால், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறோம். சரிதான். ஆனால் அதோடு நின்றுவிடுவதுதான் பெரிய தவறு.

புரதம் அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றில் ஒன்றான ஃபீனைல்அலனினை டைரோசின் என்ற இன்னொன்றாக மாற்றும் கல்லீரல் என்சைம் இவர்களுக்குச் சரியாக வேலை செய்வதில்லை, அதனால் முதலாவது இரத்தத்தில் ஏறி மூளையைக் கெடுக்கிறது, இரண்டாவது போதாமல் போகிறது. டாக்டர் எழுதித் தரும் அமினோ அமில மாவில் டைரோசினும், ஃபீனைல்அலனின் தவிர மற்ற அமினோ அமிலங்களும் இருப்பதால், இந்தப் பிள்ளைக்கு அதுதான் கோழியும் மீனும். நாற்றமடிக்கிறது என்று பாதியில் விட்டுவிடாதீர்கள். காலையிலேயே மொத்தத்தையும் கொடுத்து முடிப்பதும் தவறு, ஒரேயடியாக வந்தால் உடம்பு அதில் நிறைய எரித்துவிடும். பசியாறும்போது, மத்தியானம், ராத்திரி என்று மூன்று வேளையாவது பிரித்துக் கொடுங்கள்.

பயந்துபோய் ஃபீனைல்அலனினை அடியோடு நிறுத்தவும் கூடாது. அது வளர்ச்சிக்கு வேண்டும். கிடைக்காவிட்டால் தசை கரைந்து, அதிலிருந்தே ஃபீனைல்அலனின் வெளிவந்து அளவு ஏறும். காய்ச்சலில் பட்டினி போட்டாலும் இதேதான் நடக்கும்.

அப்புறம் கணக்கு. 1 கிராம் புரதத்தில் சுமார் 50 மில்லிகிராம் ஃபீனைல்அலனின். கடும் வகை உள்ள பல பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கே 500 மில்லிகிராமுக்குக் குறைவாகத்தான் அனுமதி, அப்படியிருக்க "ஐயோ பாவம், ஒரு வாய்" என்று பாட்டி ஊட்டும் அரை முட்டையே 150 மில்லிகிராம் ஆகிவிடும். பாட்டியைத் திட்ட வேண்டாம், டயட்டீஷியனிடம் போகும்போது கூடவே கூட்டிப் போங்கள். சுங்கை சிப்புட் கடைத்தெருவில் ரொட்டி சானாய் வாங்கி, பருப்புக் கறியைத் தொடாமல் கொடுத்தால் சரி என்றும் நினைக்காதீர்கள், மைதாவிலேயே புரதம் இருக்கிறது. சோற்றையும் எடை பார்த்துத்தான் போட வேண்டும். நம் தோட்டங்களில் எப்போதும் கிடைக்கும் மரவள்ளிக்கிழங்கில் புரதம் குறைவு, ஜவ்வரிசியில் இல்லையென்றே சொல்லலாம்.

சர்க்கரையில்லாத பானங்களில் லேபிளைப் படியுங்கள். அஸ்பார்டேம் அல்லது 951 என்றிருந்தால் வேண்டவே வேண்டாம், அதன் எடையில் பாதிக்கு மேல் ஃபீனைல்அலனின்தான்.

பெரியவர்களானதும் உணவு முறையை விட்டுவிடக் கூடாது. முக்கியமாகப் பெண்பிள்ளைகள்: கருத்தரிப்பதற்கு முன்பே இரத்தத்தில் ஃபீனைல்அலனின் அளவை லிட்டருக்கு 120 முதல் 360 மைக்ரோமோலுக்குள் கொண்டுவந்து, பிரசவம் வரை அப்படியே வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால், குழந்தைக்கு பிகேயூ இல்லாமலே மூளையும் இதயமும் பாதிக்கப்படலாம்.