மெழுகு அப்பா தலை குனிந்தபோது

கடைசிக் காலத்தில் அப்பா கட்டிலோரம் உட்கார்ந்திருந்த கோலத்தைத் தேன்மெழுகில் செய்தேன். மனிதத் தோலின் நலிவை வெண்கலம் காட்டாது. மெழுகு வெளிச்சத்தை உள்ளே வாங்கும், நகம் பட்டாலே தழும்பாகும்.

ஆனால் சிங்கப்பூரின் யீஷூன் வட்டாரத்தில் இருக்கும் என் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் மேற்குச் சன்னல் பக்கம் வைத்தால் பிற்பகலில் கழுத்து மெல்லச் சாய்ந்தது. தேன்மெழுகு உருக 62 டிகிரியாவது வேண்டும். இளக 35 டிகிரி போதும். குங்கிலியம் கலந்தேன், நொறுங்கியது. தடித்த கம்பி வைத்தேன், அதைச் சுற்றி விரிசல்.

அப்புறம்தான் இத்தாலியச் சிற்பி மெதார்தோ ரோஸ்ஸோ நினைவுக்கு வந்தார். அவர் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் உருவத்தின் மேல் மெழுகைப் போர்த்தியவர். அப்படியே செய்தேன். 2 நாளில் தோள்பட்டையில் மெழுகு உரிந்து வந்தது.

காரணம் ஈரம். 100 கிராம் பிளாஸ்டர் இறுக சுமார் 19 கிராம் தண்ணீரே போதும். நான் ஊற்றியது 70. மீதி காற்றில்தான் போகவேண்டும், சிங்கப்பூர்க் காற்றோ ஏற்கெனவே ஈரம். தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும். கன்னத்தில் வைத்தால் சில்லென்றிருக்கும். சில்லென்றால் உள்ளே ஈரம் இருக்கிறது.

மின்விசிறி முன் வைத்து, தினமும் சமையலறைத் தராசில் நிறுத்தேன். எடை குறைவது நின்றது 11ஆம் நாள். முடி உலர்த்தியால் பிளாஸ்டரை வெதுவெதுப்பாக்கி, உருக்கிய மெழுகை மெல்லிசாகத் தூரிகையில் பூசினேன். சூடான பிளாஸ்டர் மெழுகை உறிஞ்சிக்கொண்டது.

இப்போது 3 வாரம் ஆகிறது. அப்பா அப்படியே உட்கார்ந்திருக்கிறார், எனக்கு நிம்மதி.