வீட்டில் ரெக்கார்ட் செய்த மெட்டல் டிரம்ஸ்: மிக்ஸ் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டு அறையில் எட்டு மைக் வைத்து டிரம்ஸ் ரெக்கார்ட் செய்தவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது, கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) டிராக்கை மட்டும் சோலோ போட்டு ஈக்யூவை (அதிர்வெண்களை ஏற்றி இறக்கும் கருவி) திருக ஆரம்பிப்பது. பிறகு ஸ்னேர் (அடியில் கம்பிகள் கட்டிய டிரம்), அப்புறம் டாம் (கம்பியில்லாத டிரம்கள்). தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றும் அருமையாக இருக்கும். எல்லா டிராக்கையும் சேர்த்து ஓடவிட்டால் தகர டப்பாவைத் தட்டுவதுபோல் இருக்கும். எட்டு மைக்கும் கேட்டது ஒரே வாத்தியத்தைத்தான். ஸ்னேரில் விழுந்த ஒரே அடி எட்டு டிராக்கிலும் இருக்கிறது, அதுவும் வெவ்வேறு நேரத்தில். இதைச் சரிசெய்யாமல் ஈக்யூவைத் தொடுவதுதான் முதல் தவறு. நான் பார்த்தவரை மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

ஒலி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 செ.மீ. போகும். டிரம்ஸுக்கு மேலே இடமும் வலமும் வைக்கும் மைக்குகள்தான் ஓவர்ஹெட். இடது ஓவர்ஹெட்டைவிட வலது ஓவர்ஹெட் ஸ்னேரிலிருந்து 34 செ.மீ. தள்ளி இருந்தால், அடி அங்கே ஒரு மில்லிசெகண்ட் தாமதமாகப் போய்ச் சேரும். இரண்டையும் மோனோவில் (ஒரே தடமாக) சேர்த்தால் 500 ஹெர்ட்ஸில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 1500, 2500 என்று மேலேயும் அது தொடரும். இதற்கு ஒரு நூல் போதும். ஸ்னேரின் நடுவில் நூலின் ஒரு முனையை வைத்துக்கொண்டு, மறுமுனையை இரண்டு ஓவர்ஹெட்டுக்கும் நீட்டி ஒரே தூரமாக வையுங்கள். ஐந்து நிமிட வேலை. அதை விட்டுவிட்டால் பிறகு எந்த ப்ளக்-இன்னாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது.

ஸ்னேருக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு மைக் வைத்திருந்தால் போலாரிட்டியை (அலை முதலில் மேலே போகிறதா, கீழே போகிறதா என்பதை) பார்க்காமல் விடாதீர்கள். குச்சி அடிக்கும்போது தோல் மேல் மைக்கை விட்டு விலகிப் போகிறது, கீழ் மைக்கை நோக்கி வருகிறது. இரண்டும் எதிரெதிராகவே பதிவாகும். ஒருமுறை நண்பரின் இசைக்குழுவுக்கு மிக்ஸ் செய்தபோது ஸ்னேர் காகிதம்போல மெலிந்து கேட்டது. 200 ஹெர்ட்ஸை ஏற்றினேன், கம்ப்ரஸர் (உரத்த சத்தத்தை அமுக்கும் கருவி) போட்டேன், இரண்டு மணி நேரம் போனது. கடைசியில் கீழ் மைக்கின் போலாரிட்டி பொத்தானை அழுத்தியதும் ஸ்னேருக்கு உடம்பு வந்துவிட்டது. அதுவரை போட்ட ஈக்யூ அத்தனையும் தேவையில்லாமல் போயிற்று. இப்போதெல்லாம் ஓவர்ஹெட்டை ஓடவிட்டு, ஒவ்வொரு மைக்காகச் சேர்த்து, அந்தப் பொத்தானை அழுத்தியும் எடுத்தும் பார்க்கிறேன். தாழ்ந்த அதிர்வெண்கள் (பாஸ்) எதில் கனமாகக் கேட்கிறதோ அதுதான் சரி.

டைமிங் எடிட்டிங்கிலும் இதே கதைதான். ஒரு கிக் தாமதமாக விழுந்தது என்று கிக் டிராக்கை மட்டும் நகர்த்தினால், ஓவர்ஹெட்டில் பழைய கிக் அப்படியே நிற்கும். ஒரு அடி இரண்டு அடியாகக் கேட்கும். எல்லா டிராக்கையும் ஒரே குரூப்பில் கட்டி, சேர்த்தே வெட்டி நகர்த்துங்கள்.

இனி கிக். மெட்டலில் அதிகம் கெடுவது இதுதான். 200 பிபிஎம் (நிமிடத்துக்கு 200 பீட்) வேகத்தில் டபுள் பெடலில் பதினாறாம் நோட்டுகள் வாசித்தால் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே 75 மில்லிசெகண்டுதான். கிக் அதைவிட நீளமாக இழுத்தால் அடிகள் ஒட்டிக்கொண்டு வெறும் உறுமலாகிவிடும். கனம் போதவில்லை என்று 60 ஹெர்ட்ஸை ஏற்ற ஏற்ற இன்னும் மோசமாகும். 300 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை உள்ள அட்டைப்பெட்டிச் சத்தத்தைக் குறையுங்கள், 4 முதல் 8 கிலோஹெர்ட்ஸுக்குள் பீட்டர் (பெடலில் உள்ள சுத்தி) தோலில் படும் 'க்ளிக்'கைத் தேடிக் கொஞ்சம் ஏற்றுங்கள், கேட் (gate: அடி முடிந்ததும் சத்தத்தை மூடும் கருவி) மூட எடுத்துக்கொள்ளும் நேரமான ரிலீஸைச் சுருக்குங்கள். க்ளிக்கை மட்டும் நம்பினால் தட்டச்சு இயந்திரம்போல் ஆகிவிடும், அதுவும் வேண்டாம்.

நீங்கள் உட்கார்ந்து கேட்கும் அறையும் இதில் ஏமாற்றும். பத்தடி அகல அறையில் 56 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒரு நிலை அலை (சுவர்களுக்கிடையே ஒரே இடத்தில் நிற்கும் ஒலி அலை) உண்டு. சரியாக நடுவில் உட்கார்ந்தால் அந்த அதிர்வெண் கிட்டத்தட்டக் காணாமல் போகும். கிக்கில் கனமில்லை என்று ஏற்றுவீர்கள். நண்பரின் காரில் போட்டால் கதவு அதிரும். நாற்காலியை ஒன்றிரண்டு அடி நகர்த்தி, ஹெட்ஃபோனிலும் ஒருமுறை கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

சாம்பிள் (முன்பே பதிவுசெய்து வைத்த டிரம் அடி) சேர்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மெட்டலில் அது வழக்கமான வேலை. தவறு எங்கே என்றால், ஒரே சாம்பிளை ஒரே அளவில் எல்லா அடிக்கும் ஒட்டுவது. வேகமான பகுதிகளில் அது இயந்திரத் துப்பாக்கியாகக் கேட்கும். டிரம்மர் மென்மையாக அடித்த இடத்தில் சாம்பிளும் மென்மையாக விழ வேண்டும். சாம்பிளின் முதல் அலை, அசல் அடியின் முதல் அலை போகும் திசையிலேயே போகிறதா என்று திரையைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

கம்ப்ரஸரின் அட்டாக்கை (அமுக்கத் தொடங்க எடுக்கும் நேரத்தை) ஒரு மில்லிசெகண்டில் வைத்தால் குச்சியின் அடியே நசுங்கிவிடும். ஸ்னேருக்கு 20, 30-இல் ஆரம்பித்துப் பாருங்கள். டாமுக்கு கேட் கருவியோடு போராடுவதைவிட, அடி இல்லாத இடங்களைக் கையால் வெட்டி ஃபேட் (சத்தம் மெல்ல அடங்குவது) போடுவது எனக்குப் பிடிக்கும். ஒரு பாட்டில் டாம் அடிகள் அவ்வளவு அதிகம் இருப்பதில்லை. சின்ன அறையில் வைத்த ரூம் மைக்கைப் பெரும்பாலும் மியூட் செய்துவிடலாம். அதில் இருப்பது பக்கத்துச் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பிய சத்தம்தான். ரிவர்புக்கு (அறையின் எதிரொலியைச் சேர்க்கும் கருவி) ஸ்னேர், டாம் சாம்பிள்களை மட்டும் அனுப்பினால் சிம்பல் அதில் கலக்காது.

இத்தனையையும் கிட்டாரை ஓடவிட்டபடியே செய்யுங்கள். இடமும் வலமும் நிறைந்து நிற்கும் டிஸ்டார்ஷன் கிட்டார், ஸ்னேரின் உடம்பையும் கிக்கின் க்ளிக்கையும் நிறையவே விழுங்கும். தனியே கேட்கும்போது கொஞ்சம் முரட்டுத்தனமாகத் தெரியும் ஸ்னேர்தான் அங்கே தாக்குப்பிடிக்கும்.

மிக்ஸில் தீர்க்கவே முடியாத ஒன்று உண்டு: சிம்பலை ஓங்கியும் ஸ்னேரை மென்மையாகவும் அடிக்கும் டிரம்மர். ஸ்னேர் மைக்கில் ஹை-ஹாட் ஸ்னேருக்குச் சமமாக இருந்தால், ஸ்னேருக்கு 8 கிலோஹெர்ட்ஸ் ஏற்றும்போது ஹை-ஹாட்டும் சேர்ந்தே ஏறும். ரெக்கார்டிங் அன்றே ஒரு டேக் எடுத்து, டிரம்மரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஸ்னேர் டிராக்கை மட்டும் போட்டுக் காட்டுங்கள். அவரே அதைக் கேட்டுவிட்டு, ஹை-ஹாட்டை நாலு விரல் உயர்த்திவைத்து, அடுத்த டேக்கில் கையைத் தளர்த்திக்கொள்வார்.