அம்மாவும் மகளுமாக டெல்லி சுற்ற

அம்மாவும் மகளும் மட்டும் டெல்லிக்குப் போவதாக இருந்தால், திட்டம் போடும்போதே திங்கட்கிழமையைக் கவனியுங்கள். செங்கோட்டை, தாமரைக் கோயில், அக்ஷர்தாம், தேசிய அருங்காட்சியகம் எல்லாவற்றுக்கும் அன்று விடுமுறை. குதுப் மினாரும் ஹுமாயூன் கல்லறையும் திறந்திருக்கும், அவற்றை அன்றைக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஊர் சுற்ற மெட்ரோதான் சரி. ரயில் போகும் திசையில் முதல் பெட்டி பெண்களுக்கு மட்டும். நடைமேடையில் இளஞ்சிவப்பு அடையாளம் இருக்கும். பாதுகாப்புச் சோதனைக்கும் தனி வரிசை உண்டு. ஆனால் ஸ்டேஷன் பெயரை நம்பி அம்மாவை நடக்க வைத்துவிடாதீர்கள். குதுப் மினார் ஸ்டேஷனில் இறங்கினால் மினாருக்கு ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். ஆட்டோ பிடிப்பதே மேல். செங்கோட்டைக்கு அந்தத் தொல்லை இல்லை, லால் கிலா ஸ்டேஷன் பக்கத்திலேயே இருக்கிறது.

அக்ஷர்தாமுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. கூட்டத்தில் பிரிந்துவிட்டால் எந்த இடத்தில் சந்திப்பது என்று வாசலிலேயே பேசி வையுங்கள்.

அப்புறம், டிசம்பர், ஜனவரியில் பனிமூட்டத்தால் ரயிலும் விமானமும் அடிக்கடி தாமதமாகும். என்னைக் கேட்டால் பிப்ரவரி கடைசிதான் நல்லது. குளிரும் அவ்வளவு இராது, வெயிலும் ஏறியிருக்காது.