ஊருக்குப் போகும் முன் உங்கள் சுகர் மாத்திரையின் பெயரைப் படியுங்கள்

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு டிக்கெட் போட்டதும் சுகர் உள்ளவர்கள் முதலில் ஒரு வேலை செய்யுங்கள். மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். கம்பெனி வைத்த விற்பனைப் பெயரை விடுங்கள். உள்ளே இருக்கும் மருந்தின் பெயரைப் படித்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்கிவிடும் மருந்து அதில் இருக்கிறதா? இந்தப் பயணத்துக்கு அதுதான் முக்கியம். ஏனென்றால் ராமேஸ்வரம், தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி என்று நம் ராமநாதபுரம் கரையில் எங்கே போனாலும் சாப்பாட்டு நேரம் நம் கையில் இருப்பதில்லை. தர்ப்பணம் முடியும் வரை வெறும் வயிறு. அதன் பிறகு சொந்தக்காரர் வீட்டில் ஒரே இலையில் இரண்டு வேளைச் சாப்பாடு.

நம்மில் பலரும் போடுவது மெட்ஃபார்மின். கல்லீரல் தன் பங்குக்கு இரத்தத்தில் சேர்க்கும் சர்க்கரையை அது குறைக்கிறது. உடம்பில் இருக்கும் இன்சுலின் நன்றாக வேலை செய்யவும் உதவுகிறது. அதை மட்டும் போடுகிறவர் ஒரு வேளை தாமதமாகச் சாப்பிட்டால் சர்க்கரை ஆபத்தாக இறங்குவது அரிது. சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின் போன்றவையும் சாப்பாட்டை ஒட்டியே வேலை செய்வதால் அவற்றாலும் அந்தப் பயம் குறைவு.

கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபிசைடு அப்படியல்ல. இவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். இலையில் சோறு விழுந்ததா என்று அவை பார்ப்பதில்லை. காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டுப் பதினொரு மணி வரை சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கிக் கை நடுங்கலாம், வியர்க்கலாம், தலை சுற்றலாம், பேச்சு குழறலாம். இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. இந்தியாவில் கிளிமிபிரைடையும் மெட்ஃபார்மினையும் ஒரே மாத்திரையில் சேர்த்து விற்பது வெகு சாதாரணம். மருந்து தீர்ந்துபோய் இங்கே கடையில் வாங்கும்போது மெட்ஃபார்மின் மட்டும் போடுகிறவர் கையில் இந்தக் கூட்டு மாத்திரை வந்துவிடலாம். எழுதி வைத்த தாளைக் காட்டி, பெயரும் மில்லிகிராமும் ஒத்துப் பார்த்து வாங்குங்கள்.

ராமேஸ்வரத்தில் இது நேரடியாக உங்களைப் பாதிக்கும். விடியற்காலையில் அக்னி தீர்த்தத்தில் முழுக்கு, கரையில் தர்ப்பணம், பிறகு ஈரத்துணியோடு கோயிலுக்குள் 22 தீர்த்தம், உடை மாற்றி தரிசனம். கூட்டமான அமாவாசை நாளில் இது முடிய உச்சி வேளை ஆகிவிடும். கிளிமிபிரைடு போடுகிறவர்கள் அன்றைய மாத்திரையை எப்போது போடுவது, இன்சுலின் அளவை எப்படி மாற்றுவது என்று கிளம்பும் முன்பே உங்கள் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தாமாக அளவை மாற்ற வேண்டாம். கையில் ஒட்டிக்கொண்டு கைபேசியில் சர்க்கரை எண்ணைக் காட்டும் சென்சாரை நம்பி இருப்பவர்கள் கவனிக்க: கோயிலுக்குள் கைபேசி கொண்டுபோக முடியாது, ஆகவே எண்ணைப் பார்க்கவும் முடியாது. குளுக்கோஸ் பொடியைச் சின்ன பிளாஸ்டிக் பையில் நனையாமல் கட்டி இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். கை நடுக்கமும் வியர்வையும் தெரிந்தாலோ, சர்க்கரை 70-க்குக் கீழே (இந்திய அளவில், mg/dL) போனாலோ மூன்று தேக்கரண்டி பொடியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் சேர்த்துப் போடுகிறவர்களுக்குச் சீனியும் மிட்டாயும் உடனே உதவாது; சீனி குடலில் உடைவதையே அந்த மருந்து தாமதப்படுத்துகிறது. அவர்களுக்குக் குளுக்கோஸ்தான் வேண்டும். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

கால்களும் அதே அளவு முக்கியம். பாதத்தில் மரமரப்பு இருப்பவருக்குச் சூடு தெரியாது. தனுஷ்கோடி மணலில் நண்பகலில் வெறுங்காலோடு நடந்தால் கொப்புளம் வந்த பிறகுதான் கண்ணில் படும். தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனைக்குச் செருப்போடு போங்கள், இரவில் பாதத்தின் அடிப்பக்கத்தை யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் நோன்புக்கு வருகிறவர்களுக்கும் இதே கணக்குதான், நேரம் மட்டும் தலைகீழ். பெரிய அளவு மருந்தை நோன்பு திறக்கும் வேளைக்கு மாற்றுவது மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் யோசனை. ஆனால் ரமலானுக்கு ஓரிரு மாதம் முன்பே பேசி முடிவு செய்யுங்கள். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் கருத்து. 70-க்குக் கீழே இறங்கினால் நோன்பைத் திறந்துவிடுங்கள், மஃரிபுக்காக (சூரியன் மறையும் நேரத் தொழுகை) காத்திருக்க வேண்டாம்.

இனி சாப்பாடு. “இவ்வளவு தூரத்துல இருந்து வந்துட்டு இதைக்கூடச் சாப்பிடலன்னா எப்படிப்பா?” என்று சின்னம்மா தொதலை நீட்டுவார். ஒரு விரல்கடை எடுத்துக்கொள்ளுங்கள், அன்பை மறுக்க வேண்டியதில்லை. அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி மூன்றும் சேர்ந்தது அது என்பது நினைவிருந்தால் போதும். கருப்பட்டி போட்டால் சுகர் ஏறாது என்று ஊரில் பலரும் மனதார நம்புகிறார்கள். அது சரியல்ல; கருப்பட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரைதான், பதநீரும் சர்க்கரை நீர்தான். தாகத்துக்கு மோரும் தண்ணீரும் போதும், ஆசைக்கு இளம் நுங்கு இரண்டு சாப்பிடலாம்.

இந்தக் கரையின் பெரிய வரம் மீன். பாறை, சீலா, ஊளி, கணவாய் எதிலும் மாவுச்சத்து இல்லை என்றே சொல்லலாம். சோற்றைத் தொடும் முன் மீனையும் காயையும் சாப்பிட்டால், அதே சோறு சர்க்கரையை அவ்வளவு வேகமாக ஏற்றாது. இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சீனியும் தவிர்த்து மீன் குழம்பு கேளுங்கள். கருவாட்டில் உப்பு மிகுதி, ரத்தக்கொதிப்பு இருப்பவர்கள் தள்ளி வையுங்கள். மாத்திரையை நிறுத்திவிட்டுச் சிறுகுறிஞ்சான் பொடி சாப்பிடச் சொல்லும் உறவுகளிடம் மரியாதையாக மறுத்துவிடுங்கள். மாத்திரையோடு அதைச் சேர்த்தாலும் சர்க்கரை தேவைக்கு மேல் இறங்கலாம்.

வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போடுகிறவர்கள் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இவை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும்போது தண்ணீரும் சேர்ந்து போகிறது. நம் வெயிலில் உடம்பு சீக்கிரம் வறண்டுவிடும். சர்க்கரை எண் அதிகம் இல்லாமலே இரத்தத்தில் அமிலம் கூடும் அபாயமும் உண்டு. உடம்பு தேறும் வரை இவற்றையும் மெட்ஃபார்மினையும் நிறுத்தி வைக்கச் சொல்வது வழக்கம். ஆனால் இன்சுலினைத் தாமாக நிறுத்தக்கூடாது.

பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, மலேசியாவிலிருந்து வருகிறவர்களின் கருவி காட்டும் எண் வேறு. அங்கே 7 (mmol/L) என்றால் இங்கே 126 (mg/dL). 18-ஆல் பெருக்கினால் ஊர் மருத்துவருக்குப் புரியும் எண் கிடைக்கும்.

இன்சுலினைக் கைப்பையிலேயே கொண்டு வாருங்கள், சரக்குப் பெட்டியில் உறைந்துவிட்டால் அது வீண். மதுரையிலிருந்து காரில் வரும்போது நிறுத்திய வண்டிக்குள் விட்டுப் போகாதீர்கள். திறந்த பேனா பெரும்பாலும் 30 டிகிரிக்குள் நான்கு வாரம் தாங்கும், நம் கோடை அதைத் தாண்டும். கடைசியாக, உயிர் சம்பந்தப்பட்ட ஒன்று. இந்தியாவில் மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலின் குப்பிகள் இன்னும் பரவலாக விற்கின்றன, அவற்றுக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. நீங்கள் வெளிநாட்டில் பழகியது 100 யூனிட், அதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை 40-க்கான சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உடம்பில் ஏறிவிடும். குப்பியில் இருக்கும் எண்ணும் சிரிஞ்சில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பார்த்த பிறகே ஊசி போடுங்கள்.