காதுக்கு இடம் பிடியுங்கள்: தீம் பார்க் ரசிகர் இரவுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு தீம் பார்க்கில் ரசிகர் இரவுக்குப் போயிருந்தேன். சயின்ஸ் ஃபிக்ஷன் படங்களின் பின்னணி இசையை மேடையில் ஆர்கெஸ்ட்ரா நேரடியாக வாசிக்கும் நிகழ்ச்சி. எனக்கு முன்னால் நின்றிருந்த நான்கைந்து பேருக்கு அது முதல் தடவை என்பது அவர்கள் பேச்சிலேயே தெரிந்தது. பதினைந்து வருடங்களுக்கு முன்னால் நான் என்னென்ன செய்தேனோ, அதையெல்லாம் ஒன்று விடாமல் செய்துகொண்டிருந்தார்கள். அதில் ஒன்றைப் பார்த்தபோது வயிற்றெரிச்சல் தாங்கவில்லை, இதில் அதிகம் எழுதப்போவதும் அதைப் பற்றித்தான். தண்ணீர் பாட்டில், நடக்கத் தோதான செருப்பு, போனுக்குச் சார்ஜ், இதெல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

படத்தைப் பார்த்துவிட்டு, இசையைக் கேட்காமல் போவது

படத்தைப் பத்துத் தடவை பார்த்திருப்பார்கள். இசை ஆல்பத்தை ஒரு தடவைகூடத் தனியாகக் கேட்டிருக்க மாட்டார்கள். தியேட்டரில் வசனமும் வெடிச்சத்தமும் இசையில் பாதியை விழுங்கிவிடும், மீதியை நாம் கதையின் மும்முரத்தில் கவனிக்காமல் விட்டுவிடுவோம். 1977ல் லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை வைத்து ஜான் வில்லியம்ஸ் பதிவு செய்த ஸ்டார் வார்ஸ் இசையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு மெட்டு, எண்ணத்துக்கு ஒரு மெட்டு என்று பிரித்து வைத்திருப்பார். ஒரு மெட்டு இன்னொன்றுக்குள் எப்படி நுழைகிறது, எங்கே பாதியில் நின்றுவிடுகிறது என்பதெல்லாம் வெறும் இசையைக் கேட்டால்தான் பிடிபடும்.

பார்க்கில் இது நேரடியாகப் பயன்படும். டிஸ்னிலேண்டில் 1987ல் திறந்த ஸ்டார் டூர்ஸ் ரைடுக்கு வில்லியம்ஸின் மெட்டுகளை வைத்து ரிச்சர்ட் பெல்லிஸ் இசை அமைத்தார், 2011ல் வந்த புதிய வடிவத்துக்கு மைக்கேல் ஜியாச்சினோ. சில நிமிடங்களில் முடிந்துவிடும் ரைடு அது. மெட்டுகள் காதில் முன்பே பழகியிருந்தால், குலுங்கிக்கொண்டே போகும்போதும் எந்த மெட்டு எங்கிருந்து வருகிறது என்று தெரியும். பழகவில்லை என்றால் சத்தமாக ஏதோ வாசித்தார்கள் என்பதோடு முடிந்துபோகும்.

அப்புறம் ஒன்று. சயின்ஸ் ஃபிக்ஷன் இசை என்றாலே டிரம்பெட் முழக்கம்தான் என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். 1951லேயே பெர்னார்ட் ஹெர்மன் ‘தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்’ படத்துக்குத் தெரமினை வைத்து உடம்பு சிலிர்க்க வைத்தவர். கையால் தொடாமலே வாசிக்கும் அந்தக் கருவி மேடைக்கு வரும் நேரம் பார்த்துப் பாப்கார்ன் வாங்கப் போகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நடைபாதையில் தீம் மியூசிக்கைத் தேடுவது

ஸ்டார் வார்ஸ் படத்து ஊர் ஒன்றைப்போல டிஸ்னி கட்டிய வளாகமான ‘ஸ்டார் வார்ஸ்: கேலக்ஸிஸ் எட்ஜ்’ 2019ல் கலிஃபோர்னியாவிலும் ஃபுளோரிடாவிலும் திறந்தபோது முதல் வாரங்களில் போனவர்களில் பலருக்கு ஏமாற்றம். உள்ளே நுழைந்ததும் அந்தப் பிரபலமான முழக்கம் காதில் விழும் என்று எதிர்பார்த்து வந்தவர்களுக்குக் கேட்டதெல்லாம் ஏதோ பறவைகளின் குரலும், தலைக்கு மேல் கப்பல் ஒன்று கடந்து போகிற இரைச்சலும், தூரத்தில் எந்திரம் ஓடுகிற சத்தமும்தான். அதை வேண்டுமென்றே அப்படிச் செய்திருந்தார்கள். படத்தில் இருக்கிற ஆட்களுக்கு அவர்களுடைய பின்னணி இசை கேட்காது இல்லையா, நீங்களும் அந்த ஊருக்குள் வந்துவிட்டீர்கள் என்பதுதான் அதன் கணக்கு. இசை ரைடுகளுக்குள் காத்திருந்தது. அங்கிருக்கும் ஓகாஸ் கேன்டினா என்ற பாரில் பாட்டுப் போடுகிற ரோபோ யார் என்று பார்த்தீர்களானால், 1987 ஸ்டார் டூர்ஸில் கப்பல் ஓட்டிய அதே ரெக்ஸ்.

அந்த வளாகத்துக்காகவே வில்லியம்ஸ் புதிதாக ஒரு சிம்பொனிக் சூட், அதாவது முழு ஆர்கெஸ்ட்ராவுக்கான இசைப்படைப்பு, எழுதிக்கொடுத்தார். லண்டன் சிம்பொனி வாசிக்க, வில்லியம் ராஸ் நடத்த, 2020ல் அதற்குக் கிராமி விருதும் கிடைத்தது. போவதற்கு முந்தின நாள் இரவு அதைக் கேளுங்கள். அங்கே போன பிறகு பத்து நிமிடம் ஓரிடத்தில் உட்கார்ந்து சுற்றியுள்ள சத்தத்தை மட்டும் கேளுங்கள். அதையும் ஒருவர் உட்கார்ந்து, அடுக்கடுக்காக, இசைக்குரிய அக்கறையோடு செய்திருக்கிறார்.

கண்ணுக்கு இடம் பிடிப்பது

இதுதான் நான் சொன்ன வயிற்றெரிச்சல்.

என் முதல் ரசிகர் இரவில் மூன்று மணி நேரம் முன்னதாகப் போய், மேடையின் இடது ஓரத்தில் கம்பித் தடுப்பை ஒட்டி முதல் வரிசையில் இடம் பிடித்தேன். பயணச் செலவு, டிக்கெட், லீவு எல்லாம் சேர்த்துப் பார்த்தால் அந்த வயதில் எனக்கு அது பெரிய தொகை. இசைக்கலைஞர்களின் விரல்கள்கூடத் தெரிகிற தூரம். நிகழ்ச்சி ஆரம்பித்தது. முதல் அடியிலேயே நெஞ்சுக்கூடு அதிர்ந்தது, பிரமாதம் என்று நினைத்தேன். ஐந்தாவது நிமிடத்தில்தான் புரிந்தது, அந்த அதிர்வைத் தவிர எனக்கு வேறொன்றும் வந்து சேரவில்லை. வயலின் வில்கள் மேலும் கீழும் போகின்றன, சத்தம் இல்லை. புல்லாங்குழல்காரர் கன்னம் சிவக்க ஊதுகிறார், சத்தம் இல்லை. ஸ்டார் வார்ஸில் இரண்டு சூரியன்கள் மறைகிற அந்தக் காட்சியின் இசை வந்தது. ஒற்றை ஃபிரெஞ்சு ஹார்ன் தனியாக எழும்பி, பிறகு வயலின்கள் எல்லாம் சேர்ந்து அதைக் கையில் வாங்கிக்கொண்டு மேலே போகும் இடம். அதைக் கேட்கத்தான் நான் அவ்வளவு தூரம் போனேன். எனக்குக் கேட்டது சுவருக்கு அந்தப்பக்கம் யாரோ ஊதுவதுபோல ஒரு முனகல், அதற்கு மேல் தம் தம் என்று பேஸ்.

என் நண்பன் அரை மணி நேரம் தாமதமாக வந்தவன். முன்னால் வர வழியில்லாமல் நடுவில், சவுண்ட் என்ஜினியரின் மேஜைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டான். முடிந்ததும் கண்ணெல்லாம் சிவந்து வந்து, அந்த ஹார்னைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். நான் சும்மா தலையாட்டினேன். மூன்று மணி நேரம் கால் கடுக்க நின்றவன் நான், இசையைக் கேட்டவன் அவன். இன்று நினைத்தாலும் ஆறவில்லை.

காரணம் எளிமையானதுதான். திறந்தவெளி மேடைகளில் முக்கியமான ஸ்பீக்கர்களை இரண்டு பக்கமும் உயரத்தில் தொங்கவிட்டு, கூட்டத்தின் நடுப்பகுதியைப் பார்த்துத் திருப்பி வைப்பார்கள். முதல் வரிசைக்காரர்களின் தலைக்கு மேலே அந்த ஒலி தாண்டிப் போய்விடும். பேஸ் கொடுக்கிற பெரிய சப்வூஃபர்கள் பெரும்பாலும் தரையில், மேடைக்கு முன்னால், அதாவது முதல் வரிசையின் வயிற்றுக்கு நேராக இருக்கும். தாழ்ந்த ஒலி எல்லாத் திசையிலும் பரவும், ஓரத்தில் நின்றாலும் வந்து அடிக்கும். வயலின், ஹார்ப், புல்லாங்குழல் ஆகியவற்றின் மேல்ஸ்தாயி விவரங்கள் ஸ்பீக்கர் பார்க்கிற திசையில்தான் நேராகப் போகும், ஓரத்தில் நின்றால் கிடைக்காது. கருவியிலிருந்தே நேராகக் கேட்டுக்கொள்ளலாம் என்றால், ஃபிரெஞ்சு ஹார்னின் வாய் பின்பக்கம் பார்த்திருக்கும், நம்மைப் பார்த்து அல்ல. ஒலியைத் தீர்மானிக்கிற என்ஜினியர் தன் மேஜையிலிருந்து கேட்பதை வைத்துத்தான் எல்லாவற்றையும் சரிசெய்கிறார். ஆகவே அவருக்குப் பக்கத்தில் நில்லுங்கள். மேஜைக்குச் சற்று முன்னால், இரண்டு ஸ்பீக்கர் கொத்துகளுக்கும் நடுவில். மேடை சிறியதாகத் தெரியும், பரவாயில்லை.

கம்பங்களில் ஸ்பீக்கர் வைத்திருக்கும் பார்க்குகளில் இன்னொரு தொந்தரவு. ஒலி ஒரு விநாடிக்கு 340 மீட்டர் போல ஓடும். அதாவது 34 மீட்டர் தள்ளியிருக்கும் கம்பத்திலிருந்து வருவதற்குப் பத்தில் ஒரு பங்கு விநாடி. பக்கத்துக் கம்பமும் தூரத்துக் கம்பமும் ஒரே இசையைக் கொடுக்கும்போது, இரண்டுக்கும் இடையில் தப்பான இடத்தில் நின்றால் ஒரே டிரம் அடி இரண்டு தடவை கேட்கும். வேகமான சண்டைக் காட்சி இசை அங்கே வெறும் கூழ்.

இடத்தைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. நிகழ்ச்சிக்கு முன்னால் அறிவிப்புகள் வந்துகொண்டே இருக்கும். அந்தச் சமயத்தில் மெதுவாக நடந்துகொண்டே, பேசுகிறவரின் ‘ஸ’, ‘ச’, ‘ஷ’ எல்லாம் கூர்மையாகக் கேட்கிறதா என்று கவனியுங்கள். எங்கே அவை தெளிவாக இருக்கின்றனவோ அங்கே வயலினும் தெளிவாக இருக்கும். எங்கே பேச்சு பானைக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கிறதோ, அங்கிருந்து நகருங்கள். பத்தடி தள்ளினாலே வித்தியாசம் தெரியும். சவுண்ட் செக் நடக்கும் நேரத்தில் பக்கத்தில் இருக்கக் கொடுத்து வைத்தால் இன்னும் நல்லது.

போன மாதம் அந்தப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னேன். சப்வூஃபருக்கு ஓர் அடி தூரத்தில் நின்றுகொண்டு, இங்கிருந்து மேடை நன்றாகத் தெரிகிறது என்றார்கள். இரண்டாவது தடவையும் சொன்னேன், வற்புறுத்திச் சொன்னேன். அதில் ஒரு பெண் மட்டும் என்னோடு நடுவுக்கு வந்தாள். இடைவேளையில் மற்றவர்களைக் கூப்பிட அவள் ஓடியபோது அங்கே கூட்டம் இறுகிவிட்டது, அவர்களால் வெளியே வர முடியவில்லை.

பகல் டிக்கெட்டோடு இரவு நிகழ்ச்சிக்கு நிற்பது

இரண்டும் வேறு வேறு டிக்கெட். வாங்கும் முன் படியுங்கள்.

உடைக்கு முதலிடம் கொடுப்பது

டிஸ்னி பார்க்குகளில் சாதாரண நாட்களில் 14 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் கதாபாத்திர வேடத்தில் உள்ளே போக முடியாது. தனி டிக்கெட் நிகழ்ச்சிகளில் இந்த விதியைத் தளர்த்துவார்கள், ஆனாலும் பெரியவர்களுக்கு முகமூடி கூடாது. மற்ற பார்க்குகளுக்கு அவரவர் விதி. முழுக் கவசத்தோடு அணிவகுப்பில் வந்தவர்களைப் படங்களில் பார்த்துவிட்டு நாமும் போகலாம் என்று நினைக்கிறார்கள். அவர்கள் 501வது லீஜியன் போன்ற ரசிகர் அமைப்புகளிலிருந்து பார்க்கின் அழைப்பின் பேரில் வந்தவர்கள்.

விதி அனுமதித்தாலும், காதை மூடுகிற எதையும் போட்டுக்கொண்டு இசைக்கு நிற்காதீர்கள். ஹெல்மெட்டுக்குள் உங்கள் மூச்சுச் சத்தம்தான் கேட்கும்.

ரைடில் ஒரே தடவை போவது

டிஸ்னிலேண்டின் ஸ்பேஸ் மவுண்டன் திறந்தது 1977ல். இன்று இசைக்காரர்கள் பேசுவது 2005ல் அதற்கு ஜியாச்சினோ போட்ட இசையைப் பற்றி. உங்கள் தலைக்குப் பக்கத்திலேயே ஸ்பீக்கர், வண்டி திரும்புகிற இடங்களுக்கு ஏற்றபடி இசை. முதல் தடவை பயத்திலும் கத்தலிலும் ஒன்றும் காதில் ஏறாது, அது யாருக்கும் இயல்புதான். இரண்டாவது தடவை போங்கள், கண்ணை மூடிக்கொண்டு. டிஸ்னியின் எப்காட் பார்க்கில் 2022ல் வந்த காஸ்மிக் ரீவைண்ட் ரோலர் கோஸ்டரில் ஆறு பாட்டுகளில் எது வரும் என்று ஏறும்வரை தெரியாது. பாட்டு மாறினால் அதே தண்டவாளமே வேறு மாதிரி இருக்கும். ‘செப்டம்பர்’ பாட்டுக்கு ஆடிக்கொண்டு போன அதே வளைவில் அடுத்த பாட்டுக்கு மிதந்துகொண்டு போனேன்.

முழு நிகழ்ச்சியையும் போனில் எடுப்பது

ஒரு நிமிடம் எடுங்கள், பையில் போடுங்கள்.

கடைசி டைட்டில் ஓடும்போது எழுந்து போவது

படத்தைத் திரையிட்டுக்கொண்டே ஆர்கெஸ்ட்ரா வாசிக்கும் நிகழ்ச்சிகளில், பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் பாதிக் கூட்டம் பையைத் தூக்கிக்கொள்ளும். அந்த நேரத்தில்தான் வசனமும் இல்லை, வெடியும் இல்லை, இசை மட்டும் இருக்கிறது. படம் முழுக்கத் துண்டு துண்டாக வந்த மெட்டுகளை இசையமைப்பாளர் வரிசையாகக் கோத்து, முழுசாக வாசிக்க விடுகிற இடம் பெரும்பாலும் அதுதான். கலைஞர்களும் அதைத் தனி ஈடுபாட்டோடு வாசிப்பார்கள், முகத்திலேயே தெரியும்.

வெளியே போகிற கேட்டில் எப்படியும் நெரிசல்தான். நான் கடைசி ஆளாகத்தான் கிளம்புவேன். போன மாதம் அந்தப் பெண்ணும் என்னோடு நின்றாள். கைதட்டல் ஓய்ந்த பிறகு, ஹார்ன் வாசித்தவர் கருவியைக் கவிழ்த்துக் குழாய்க்குள் சேர்ந்திருந்த நீரைத் தரையில் வடித்துவிட்டு, துணியால் துடைத்துப் பெட்டிக்குள் வைப்பதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, இது அடுத்து எப்போது நடக்கும் என்று கேட்டாள்.