அலைச்சறுக்கு வீரர்களின் கடல் பாதுகாப்பு அமைப்புக்கு நன்கொடை கொடுக்கலாமா? விசாரிக்கும் முறை

சிங்கப்பூரின் பிடோக் வட்டாரத்தில் எங்கள் காலை நடைக் குழுவைச் சேர்ந்த குடும்பங்கள் தீபாவளியை ஒட்டி ஒரு தொகையைத் திரட்டி, ஏதேனும் ஓர் அறநிறுவனத்துக்குக் கொடுப்பது வழக்கம். பெரும்பாலும் அது முதியோர் இல்லத்துக்கோ மாணவர் உதவி நிதிக்கோ போகும். சென்ற முறை குழுவில் இருந்த ஓர் இளைஞர், அலைச்சறுக்கு வீரர்கள் நடத்தும் கடல் பாதுகாப்பு அமைப்பு ஒன்றுக்குக் கொடுக்கலாம் என்று முன்மொழிந்தார். "நம் கடலில் அலையே இல்லையே தம்பி, எங்கே போய்ச் சறுக்குகிறார்கள்?" என்று ஒரு பெரியவர் கேட்க, எல்லாரும் சிரித்தோம். கணக்கு வைத்திருப்பவன் என்பதால் விசாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அந்தப் பெரியவரின் கேள்வியிலிருந்தே நான் தொடங்கினேன். இதே நிலையில் இருப்பவர்களும் அங்கிருந்தே தொடங்கலாம்.

எந்தக் கடலுக்காகக் கேட்கிறார்கள்?

சுமத்ராவும் ரியாவ் தீவுகளும் அரணாக நிற்பதால் பெருங்கடலின் அலையெழுச்சி சிங்கப்பூர்க் கரையை எட்டுவதில்லை. இங்குள்ள அலைச்சறுக்குப் பிரியர்கள் வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் மலேசியாவின் தெசாருவுக்கும் சேரட்டிங்கிற்கும் போகிறார்கள். விடுமுறை கிடைத்தால் இந்தோனீசியாவின் பாலிக்கும் லொம்போக்கிற்கும் இலங்கையின் அறுகம்பைக்கும் போகிறார்கள். ஆகவே இங்கே நன்கொடை கேட்கும் அமைப்பு வெளிநாட்டுக் கரை ஒன்றுக்காகக் கேட்கலாம். பெயரில் அலைச்சறுக்கை வைத்துக்கொண்டு நம் கடற்கரைகளில் குப்பை பொறுக்கலாம். அல்லது பலகையும் பயிற்சியும் விற்கும் ஒரு நிறுவனமாக இருந்து, 'கடலுக்காக' என்று ஒரு பங்கை ஒதுக்குவதாகச் சொல்லலாம். இந்த மூன்றையும் ஒரே அளவுகோலால் அளக்க முடியாது என்பதால், முதல் மின்னஞ்சலிலேயே இதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

அலைச்சறுக்கு வீரர்களுக்குச் சுற்றுச்சூழலைப் பற்றி என்ன தெரியும் என்று ஏளனமாகத் தள்ளிவிடுவது நியாயமாகாது. கலிபோர்னியாவின் மாலிபு கரையில் 1984ஆம் ஆண்டு தொடங்கிய சர்ஃப்ரைடர் அறக்கட்டளையும், இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் 1990ஆம் ஆண்டு தொடங்கிய 'சர்ஃபர்ஸ் அகெயின்ஸ்ட் சூவேஜ்' அமைப்பும், தண்ணீரில் அன்றாடம் கிடப்பவர்கள் தாங்கள் கண்டதைச் சொல்லப் புறப்பட்டதால் உருவானவை. கார்ன்வால்காரர்கள் சுத்திகரிக்கப்படாத சாக்கடைக்கு நடுவே நீந்த வேண்டியிருந்தது. விஷவாயு முகமூடி அணிந்துகொண்டு அவர்கள் போராடினார்கள். சர்ஃப்ரைடர், வட கலிபோர்னியாவில் கழிவுநீரைக் கடலில் விட்ட இரண்டு காகிதக்கூழ் ஆலைகளின் மீது வழக்குத் தொடுத்து, 1991ஆம் ஆண்டு 58 லட்சம் அமெரிக்க டாலர் அபராதத்துக்கு வழிசெய்தது. அலையே காணாமற்போகும் ஆபத்தும் உண்டு. கடற்தரையின் வடிவமே அலையை உடைத்து உருட்டுகிறது. ஸ்பெயினின் முந்தாக்கா ஆற்று முகத்தில் மணல் அள்ளிய பிறகு அங்கிருந்த புகழ்பெற்ற அலை சிதைந்து, 2005ஆம் ஆண்டு நடக்கவிருந்த உலகப் போட்டி ரத்தாயிற்று. இந்த அமைப்புகளின் பெயர் நிலைத்திருப்பதற்குக் காரணம் அவை பொறுக்கிய குப்பை மட்டும் அன்று. குப்பையும் சாக்கடையும் கடலுக்கு வரும் வழியை அடைக்க அவை பாடுபட்டதே முக்கியக் காரணம். விசாரிக்கும்போது இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்திருப்பது உதவும்.

பதிவும் அனுமதியும்

இது அரை மணி நேர வேலை. அறநிறுவன ஆணையரின் இணையவாசலில் அமைப்பின் பெயரையோ யுஇஎன் எனப்படும் அதன் பதிவு எண்ணையோ இட்டுத் தேடினால், அது பதிவுபெற்ற அறநிறுவனமா, நன்கொடைக்கு வரிக்கழிவு பெற்றுத்தரும் ஐபிசி தகுதி உடையதா, அந்தத் தகுதி எந்தத் தேதிவரை செல்லும் என்பவை தெரியும். தேடியும் கிடைக்காவிட்டால் அது மோசடி அமைப்பு என்று முடிவுகட்ட வேண்டாம். கடல் சார்ந்து இயங்கும் குழுக்களில் சில சமூக நிறுவனமாகவோ சாதாரண வர்த்தக நிறுவனமாகவோ பதிவாகியிருக்கும். அவற்றுக்குக் கொடுப்பதை ஒரு சேவையை வாங்குவதாகக் கருதலாமே தவிர நன்கொடையாகக் கருதக் கூடாது.

ஐபிசி தகுதி இருந்தால் வரியில் பயன் கிடைக்கும். கொடுக்கும் தொகையின் 250 விழுக்காடு வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்கப்படுகிறது. 100 வெள்ளி கொடுப்பவரின் வருமானம் 11.5 விழுக்காட்டு வரிப்படியில் இருந்தால், அவருக்கு 28 வெள்ளி 75 காசு மிச்சமாகும். எங்கள் குழு பல ஆண்டுகளாகச் செய்துவந்த தவறு இங்கேதான் வெளிப்பட்டது: எல்லாருடைய பணத்தையும் நான் வாங்கி என் பெயரில் செலுத்தியதால், கழிவு முழுவதும் என் கணக்கில் சேர்ந்துகொண்டிருந்தது. அவரவர் தம் அடையாள அட்டை எண்ணைக் கொடுத்துத் தாமே செலுத்தினால், உள்நாட்டு வருவாய் ஆணையம் தானாகவே அவரவர் கணக்கில் கழித்துவிடும். பெயர் சொல்லாத உண்டியலில் போட்டால் அந்தக் கழிவு கிடைக்காது.

வெளிநாட்டுக் கரைக்காகப் பொதுமக்களிடம் பணம் திரட்டுவதென்றால் அறநிறுவன ஆணையரின் தனி அனுமதி வேண்டும். விலக்கு அளிக்கப்படாவிட்டால், திரட்டியதில் குறைந்தது 80 விழுக்காட்டைச் சிங்கப்பூரிலேயே செலவிட வேண்டும் என்பது விதி. "நீங்கள் கொடுப்பது முழுவதும் லொம்போக்கிற்குப் போகும்" என்று தெருவில் நின்று ஒருவர் சொன்னால், அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்வதில் தவறில்லை.

தமிழர்களாகிய நமக்கு இதில் இன்னொரு கிளையும் உண்டு. சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் மீனவ இளைஞர்கள் அலைச்சறுக்கில் தேர்ந்து பெயர் பெற்றதிலிருந்து, அந்தக் கரைக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று இங்குள்ள பலர் விரும்புகிறார்கள். சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவர் அனுப்பும் பணம் இந்தியச் சட்டத்தின்படி வெளிநாட்டு நன்கொடை. இந்திய வம்சாவளி அட்டை வைத்திருந்தாலும் அப்படித்தான். அதைப் பெறும் அமைப்பு, 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி அனுமதி பெற்றிருக்க வேண்டும். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, அந்தப் பணம் முதலில் பாரத ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் போக வேண்டும். "என் தம்பியின் கணக்குக்கு அனுப்புங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று யாரேனும் சொன்னால், அவர் நல்லவராகவே இருந்தாலும் அனுப்ப வேண்டாம். பிறகு சிக்கிக்கொள்பவர்கள் அந்த ஊர்க்காரர்களே.

கணக்கைப் படிப்பது

சிங்கப்பூரில் அறநிறுவனக் கணக்குகளைப் பொதுமக்கள் கூர்ந்து பார்க்கத் தொடங்கியது, 2005ஆம் ஆண்டு தேசிய சிறுநீரக அறநிறுவனத்தில் நன்கொடைப் பணம் ஆடம்பரமாகச் செலவான விவகாரம் வெடித்த பிறகுதான். அதன் தலைமை நிர்வாகியின் அலுவலகத்துக்கான தங்க முலாம் பூசிய தண்ணீர்க் குழாய் என்றால் இன்றும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவு வரும். அதன் விளைவாக வந்த விதிகளால் இன்று நிறைய விவரங்கள் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கின்றன. எடுத்துப் படிப்பவர்கள்தான் குறைவு.

நிதி திரட்டும் செலவு, திரட்டிய தொகையில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. தாண்டவில்லை என்பதோடு நின்றுவிடாமல், உள்ளே பிரித்துப் பார்க்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டுக்கு, ஓர் அமைப்பு ஓராண்டில் 2 லட்சம் வெள்ளி திரட்டி, அதற்கு 54,000 வெள்ளி செலவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 27 விழுக்காடு, விதிக்கு உட்பட்டதுதான். ஆனால் குறிப்புகளைப் படித்தால், ஹோட்டலில் நடத்திய ஒரு விருந்துக்கு மட்டும் 31,000 வெள்ளி செலவாகி, அதில் 38,000 வெள்ளியே வசூலாகியிருக்கிறது. கடலுக்குக் கிடைத்தது 7,000 வெள்ளி. விருந்தைத் தவிர்த்துப் பார்த்தால், மீதி 1,62,000 வெள்ளியைத் திரட்ட 23,000 வெள்ளி, அதாவது 14 விழுக்காடுதான் ஆகியிருக்கிறது. அமைப்பு மோசமானது அன்று, விருந்துதான் வீண் என்ற முடிவுக்கு இப்படித்தான் வர முடியும்.

அடுத்து சேமநிதி. ஆண்டுச் செலவைப்போல் எத்தனை மடங்கு கையிருப்பில் இருக்கிறது என்பதை ஆண்டறிக்கை சொல்லும். ஐந்தாண்டுச் செலவுக்குப் பணம் வைத்திருக்கும் அமைப்புக்கு எங்கள் 50 வெள்ளி அவசரமானதன்று. சம்பளத்தைப் பார்த்து முகம் சுளிப்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. கடலோரக் கட்டுமானத் திட்டம் ஒன்றின் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையை வரிவரியாகப் படித்து, தவறு இருந்தால் எழுத்தில் சுட்டிக்காட்டத் தெரிந்த ஒருவருக்குச் சம்பளம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். தொண்டூழியர்கள் சனிக்கிழமை மாலையில் செய்து முடிக்கும் வேலை அன்று அது.

சில ஆண்டுகளுக்கு முன் பேருந்து முனையம் ஒன்றில் ஓர் இளைஞர் படங்களைக் காட்டிப் பேசியதில் மனம் இளகி, மாதந்தோறும் வங்கிக் கணக்கிலிருந்து பிடிக்கும்படி கையெழுத்திட்டேன். அவர் அந்த அமைப்பின் ஊழியர் அல்லர், தரகு பெறும் நிறுவனம் ஒன்றின் ஊழியர் என்பதை நான் கேட்கவும் இல்லை, அவராகச் சொல்லவும் இல்லை. அந்தப் பிடித்தத்தை நிறுத்த மூன்று மாதம் ஆயிற்று. அதிலிருந்து, நின்ற இடத்தில் கையெழுத்திடுவதில்லை என்று வைத்திருக்கிறேன்.

செய்யும் வேலையை நேரில் பார்ப்பது

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். "இவ்வாண்டு இத்தனை டன் குப்பை அகற்றினோம்" என்பது அறிக்கைகளில் பெரிய எழுத்தில் வரும். எடை ஏமாற்றக்கூடியது: நனைந்த மீன்வலை ஒன்றும் பழைய டயர் இரண்டும் கிடைத்தால் கணக்கு எகிறிவிடும், ஆமைகளும் மீன்களும் விழுங்கும் நுரைப் பஞ்சுத் துகள்களை நாளெல்லாம் பொறுக்கினாலும் தராசு அசையாது. தவிரவும், கிழக்குக் கடற்கரைப் பூங்கா போன்ற பொதுக் கரைகளைக் குத்தகை ஊழியர்கள் அன்றாடம் துப்புரவு செய்கிறார்கள். அங்கே மட்டும் குப்பை பொறுக்கும் அமைப்பு பிள்ளைகளுக்கு நல்ல பாடம் நடத்துகிறது என்று சொல்லலாம், கடலுக்கு உதவுகிறது என்று சொல்வது கடினம். கிராஞ்சி, லிம் சூ காங் பக்கத்துச் சதுப்புநிலக் காட்டோரங்களில் சேறு மிதித்து இறங்குபவர்கள் வேறு வகை. 1992 முதல் இங்கே நடந்துவரும் அனைத்துலகக் கடலோரத் துப்புரவு இயக்கத்தில், பொறுக்கும் ஒவ்வொரு பொருளையும் வகைவாரியாக எண்ணி அட்டையில் குறிக்கிறார்கள். மறுநாளே அலை புதுக் குப்பையைக் கொண்டுவந்தாலும் அந்த எண்ணிக்கை நிலைத்திருக்கும்.

நான் இரண்டு குழுக்களின் துப்புரவுக்குப் போனேன். முதலாவதில் பதாகையைப் பிடித்துப் படம் எடுக்கவே இருபது நிமிடம் ஆயிற்று. பிறகு புல்வெளியிலேயே சுற்றினோம். இரண்டாவது, எங்கள் இளைஞர் பரிந்துரைத்த அமைப்பு, பாசிர் ரிஸ் பக்கம் நீர்மட்டம் இறங்கும் நேரம் பார்த்து அழைத்திருந்தது. ஒருங்கிணைப்பாளராக இருந்த பெண்மணி, மூட்டைகளை எடை போடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் திறந்து மணலை உதறச் சொன்னார். பயணப்பெட்டியை நிறுக்கும் சின்னக் கைத்தராசில் மாட்டியபோது, ஆறு கிலோ இருக்கும் என்று நான் நினைத்த மூட்டை இரண்டரைக் கிலோதான் காட்டியது. அதை அப்படியே எழுதிக்கொண்டார். அவருடைய ஆண்டறிக்கையில் வரும் எண்களை நம்பலாம் என்று எனக்கு அங்கே தோன்றியது.

தண்ணீர்ச் சோதனை செய்கிறோம் என்று சொல்பவர்களிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். தேசிய சுற்றுப்புற அமைப்பு பொழுதுபோக்குக் கடற்கரைகளில் நீரைச் சோதித்து, எண்டரோகாக்கஸ் கிருமி 100 மில்லிலிட்டரில் 200க்கு மேல் போகாமல் இருக்கிறதா என்று ஏற்கெனவே பார்க்கிறது. அது பார்க்காத எந்த இடத்தில், எப்போது, இவர்கள் பார்க்கிறார்கள்? 2024 ஜூன் 14 அன்று பாசிர் பாஞ்சாங் முனையத்தில் கப்பல்கள் மோதி, ஏறத்தாழ 400 டன் எண்ணெய் கடலில் கொட்டி, செந்தோசா முதல் கிழக்குக் கடற்கரை வரை கரை கறுத்தபோது, இவர்களிடம் பயிற்சி பெற்ற தொண்டூழியர் எத்தனை பேர் இருந்தார்கள், என்ன பணி ஒப்படைக்கப்பட்டது என்பதும் கேட்கத்தக்கதே. பணமில்லாமல் விளைந்த நன்மையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்: 2001ஆம் ஆண்டு புலாவ் உபின் தீவின் செக் ஜாவா கரை நிலமீட்புக்கு இரையாகவிருந்தபோது, இயற்கை ஆர்வலர்கள் உயிரினங்களைப் பதிவுசெய்து முன்வைத்த ஆவணங்கள் அத்திட்டத்தைத் தள்ளிவைக்க உதவின. அந்த வகை வேலை ஒன்றையாவது ஓர் அமைப்பு காட்டினால், பொறுக்கிய குப்பை குறைவாக இருந்தாலும் நான் அதன் பக்கம் சாய்வேன்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் அனுப்ப வேண்டும்: நாங்கள் கொடுக்காவிட்டால் எந்த வேலை நடக்காமல் போகும்? "எல்லாப் பணியும் பாதிக்கப்படும்" என்று பொதுவாக வரும் பதிலுக்கு மதிப்பில்லை. எங்களுக்கு ஒன்பதாம் நாள் பதில் வந்தது. சதுப்புநிலத் துப்புரவுக்கான நீர்புகாக் காலணிகள் கிழிந்துவிட்டதால் ஒரு முறைக்குப் பன்னிரண்டு பேரைத்தான் இறக்க முடிகிறது என்றும், இன்னும் இருபது இணை இருந்தால் பள்ளி மாணவர்களையும் அழைக்கலாம் என்றும் அதில் எழுதியிருந்தார்கள்.

திரட்டத் திட்டமிட்ட தொகையில் மூன்றில் ஒரு பங்கை அந்தக் காலணிகளுக்கென்று குறிப்பிட்டு, அவரவர் பெயரில், கிவிங்.எஸ்ஜி என்னும் நன்கொடை இணையத்தளத்தின் வழியாகச் செலுத்தினோம். குறிப்பிட்ட நோக்கத்துக்குக் கொடுத்த பணத்தை அவர்கள் வேறு செலவுக்குத் திருப்ப முடியாது. மீதி வழக்கம்போல் முதியோர் இல்லத்துக்குப் போயிற்று. கேள்வி கேட்ட பெரியவர் அதில் உறுதியாக இருந்தார், நானும் மறுக்கவில்லை. அந்த அமைப்பின் நிதியாண்டு மார்ச் 31ஆம் தேதி முடிகிறது. ஆறு மாதங்களுக்குள் ஆண்டறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும் என்பதால், செப்டம்பர் இறுதிக்குள் அது இணையவாசலில் இருக்க வேண்டும். அடுத்த தீபாவளி வசூலைத் தொடங்குவதற்கு முன் அதைப் படித்துவிட, நாட்காட்டியில் அக்டோபர் முதல் வாரத்தைக் குறித்துவைத்திருக்கிறேன்.