சொடுக்குக்குக் கொடுக்கும் காசு வீணாகாதிருக்க

கூகுள் தேடல் விளம்பரத்தில் பணம் எங்கே கசிகிறது என்பதை அறிய, முதலில் தேடல் சொற்கள் அறிக்கையைத் திறக்க வேண்டும். நாம் தெரிவுசெய்த சொல்லும் மக்கள் உண்மையில் தட்டச்சிட்ட சொல்லும் வேறுபடும் இடம் அங்கேதான் தெரியும். வெள்ளவத்தைப் புடவைக் கடையொன்று ‘சேலை’ என்பதைப் பரந்த பொருத்தத்தில் (broad match; தொடர்புடைய எல்லாத் தேடல்களுக்கும் விளம்பரம் தோன்றும் முறை) விட்டுவைத்தால், ‘சேலை கட்டுவது எப்படி’ என்று தேடியவரின் சொடுக்குக்கும் அதுவே காசு கட்ட நேரும். ஆகவே ‘எப்படி’, ‘இலவசம்’, ‘வாடகைக்கு’ போன்றவற்றை எதிர்மறைச் சொற்களாக (அவை வரும் தேடலுக்கு விளம்பரம் தோன்றாது) சேர்த்து, ‘கூறைச்சேலை விலை கொழும்பு’ போன்ற நீண்ட தொடர்களுக்கே பணத்தை ஒதுக்குங்கள். நம்மவர் பலர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டச்சிடுவதால் (நானும் அப்படித்தான்), அவ்வடிவங்களையும் விட்டுவிடக் கூடாது.

அடுத்து, இட அமைப்பு. அதை இயல்புநிலையில் விட்டால், கொழும்பில் ஆர்வங்காட்டும் டொரன்டோவாசிக்கும் விளம்பரம் தோன்றலாம். வெளிநாட்டுக்கு அனுப்பாத கடை, தெரிவுசெய்த இடத்தில் இருப்போருக்கு மட்டும் என மாற்றுவதே சரி.

நாளாந்த வரம்பை 1,000 ரூபாயாக வைத்தாலும் ஒரு நாளில் 2,000 வரை செலவாகலாம். மாதத்துக்கு அவ்வரம்பின் 30.4 மடங்கைத் தாண்டாது என்பதால் பதற்றம் வேண்டாம்.

எந்தச் சொல்லால் தொலைபேசி அழைப்பு வந்தது என்பதும் பதிவாகச் செய்து, இரண்டு வாரத்துக்குப் பின், அழைப்பே தராத சொற்களை நிறுத்திவிடுங்கள்.